பினாங்கு, புக்கெட் கப்பல் பயணம்: கரைச் சுற்றுலாவுக்கு வேன் பகிர்ந்துகொள்வது எப்படி?

செங்காங்வாசி:

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் மரினா பேயிலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு துறைமுகங்களுக்கும் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தில் எங்கள் குடும்பத்தில் ஆறு பேருக்கு அறை பதிவு செய்திருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு. இளைய மகனுக்கு எட்டு வயது. கப்பல் நிறுவனமே விற்கும் கரைச் சுற்றுலாவை ஆறு பேருக்கும் கூட்டிப் பார்த்தபோது அறைக் கட்டணத்தில் கணிசமான பகுதியை அதுவே விழுங்கிவிடும் என்று தெரிந்தது. அதனால், அதே பயணத்தில் வரும் வேறு தமிழ்க் குடும்பங்களோடு சேர்ந்து, உள்ளூரில் வேன் அமர்த்தி, செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். இதுவரை மூன்று குடும்பங்கள் ஆர்வம் தெரிவித்துள்ளன. எல்லோரையும் சேர்த்தால் 14 பேர்.

இதற்கு முன் நான் எதையும் இப்படி ஏற்பாடு செய்ததில்லை. முன்பணத்தை எப்படி வாங்குவது, யாராவது கடைசி நேரத்தில் விலகினால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கப்பலை விட்டுவிடாமல் திரும்புவது எப்படி என்பதை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாஞ்சாங்தம்பி:

அக்கா, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வயதானவரும் சிறு பிள்ளையும் வரும்போது கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே வாங்கிவிடுங்கள். அவர்களுடைய பேருந்து சாலை நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். நீங்களாக அமர்த்திய வேன் தாமதித்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த நிம்மதிக்கான விலை.

நீலத்திரை:

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறுப்பதற்காக எழுதவில்லை. ஆனால் நான் இதுவரை ஒன்பது பயணங்களில் இப்படிக் கூட்டாக வேன் அமர்த்தியிருக்கிறேன். ஒருமுறைகூடக் கப்பலை விட்டதில்லை. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல, புறப்படுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்ட ஒப்பந்தம். கரையில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை கரையில் தொடங்குவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளில்தான் அவை தொடங்குகின்றன.

முதலில் பணம். ஒரு நாளைக்கு வேனுக்கு 600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 12 இருக்கைகளும் நிரம்பினால் தலைக்கு 50 ரிங்கிட். கடைசி வாரத்தில் இரண்டு பேர் விலகினால் மீதமுள்ள 10 பேருக்கு அது 60 ஆகிவிடும். அந்தப் பத்து ரிங்கிட் யாருக்கும் பெரிய தொகை இல்லை. ஆனாலும் மனக்கசப்பு அந்தப் பத்து ரிங்கிட்டில்தான் வந்து நிற்கும். ஆகவே தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், இருக்கைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பதிவு செய்த இருக்கைக்கு, வந்தாலும் வராவிட்டாலும் பதிவு செய்தவரே பொறுப்பு. வேறொருவரைத் தேடிக் கொடுத்தால் மட்டுமே அவருக்குப் பணம் திரும்பும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதால் சிறுவர் கட்டணம் என்று ஒன்றைப் புகுத்த வேண்டாம். பாதிப் பணம் பேநவ் (கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம்) வழியாக முன்கூட்டியே வரட்டும், மீதி ரொக்கமாக அந்தந்த நாட்டு நாணயத்தில், வேனில் ஏறும்போது வரட்டும். இறங்கும்போது வாங்கலாம் என்று விட்டால் எல்லோரும் கப்பலுக்கு ஓடுகிற அவசரத்தில் சில்லறைக்கு அலைய நேரிடும்.

நீங்கள் இதில் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) வைத்துக்கொள்ளக்கூடாது. சிங்கப்பூரில் சுற்றுலாவை விற்பதற்குப் பயண முகவர் உரிமம் தேவை. செலவைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் என்ற எல்லையைத் தாண்டாமல் இருப்பது சட்டத்துக்காக மட்டுமல்ல, குழுவில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருப்பதற்காகவும் அவசியம். வேன்காரர் கொடுத்த விலைச்சீட்டை அப்படியே படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள்.

வேன்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். மோசமான வானிலையால் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலேயே போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ஒன்று. பதில் எழுத்தில் வரவேண்டும். துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் தருவார்கள், தயங்குகிறவரை விட்டுவிடலாம். பயணிகளை ஏற்றுவதற்கான உரிமம் அந்த வண்டிக்கு இருக்கிறதா என்பது மற்றொன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று தெரிந்தவரின் சொந்த வண்டியில் ஏறி விபத்து நேர்ந்தால், காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம்.

கடைசியாக, தாமதமாக வருகிறவருக்காக எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். என் குழுக்களில் 15 நிமிடம். அதற்குப் பிறகு வேன் புறப்படும். பின்தங்கியவர் தம் செலவில் டாக்ஸி பிடித்து வரவேண்டும். இதைப் படித்துவிட்டு "சம்மதம்" என்று எழுதாதவரின் பெயரை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை.

கணக்கர்_கிளமெண்டி:

இருக்கைக் கணக்கு சரியானது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெள்ளியில் வாங்கி மலேசிய ரிங்கிட்டாகவோ தாய்லாந்தின் பாட் நாணயமாகவோ கொடுக்கும்போது, எந்த நாளின் மாற்று விகிதம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மிச்சம் வந்தால் திருப்பிக் கொடுப்பதா, ஓட்டுநருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பழையமாலுமி:

நான் தூத்துக்குடிக்காரன். பதினோரு ஆண்டுகள் பயணிகள் கப்பல்களில் வேலை செய்துவிட்டு இப்போது ஜூரோங்கில் இருக்கிறேன். சமையற்கூடத்தில் தொடங்கி, பிற்காலத்தில் இறங்குபாலத்துப் பணியிலும் இருந்தேன். பயணிகளுக்குத் தெரியாத பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், திட்டமிட உதவும்.

அறிவிப்புத் தாளில் "வருகை காலை 8.00" என்று இருந்தால், எட்டு மணிக்குக் கரையில் கால் வைக்கலாம் என்று பொருள் இல்லை. கப்பல் கட்டப்பட்ட பிறகு உள்ளூர் அதிகாரிகள் ஏறி, தாள்களைச் சரிபார்த்து, அனுமதி கொடுத்த பின்னரே இறங்குபாலம் திறக்கும். அதற்குப் பிறகும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாக்களை வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் முதலில் இறங்குவார்கள். எனவே வேனை எட்டு மணிக்கு வரச் சொல்லாதீர்கள். ஒன்பது அல்லது ஒன்பதரை மணிக்கு வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாடகை நேரம் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் ஐந்தாம் தளத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். புக்கெட்டில் பல கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். படகு என்றால் திரும்பும்போது வரிசை உண்டு, அதுவும் கடைசி ஒரு மணி நேரத்தில் வெயிலில் நீளமாக நிற்கும். "அனைவரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்" ஒன்று, "கடைசிப் படகு" நேரம் இன்னொன்று. நீங்கள் பின்பற்ற வேண்டியது கடைசிப் படகின் நேரத்தை. மேலும் மே முதல் அக்டோபர் வரை அந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும். ஜூன் மாதத்தில் அலை பெரிதாக இருந்தால் படகுப் போக்குவரத்தையே கேப்டன் நிறுத்திவிடுவார். புக்கெட் சுற்றுலாவுக்கு முன்பணம் கொடுக்கும்போது நீலத்திரை அவர்கள் சொன்ன முதல் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

கப்பல் ஏன் காத்திருக்காது என்று பலர் கோபப்படுகிறார்கள். துறைக்கு நேரக் கணக்கில் கட்டணம் உண்டு. வழிகாட்டும் பைலட்டும் இழுவைப் படகுகளும் குறித்த நேரத்துக்குச் சொல்லி வைக்கப்பட்டிருக்கும். அடுத்த துறைமுகத்தில் இடம் காத்திருக்கும். நான்கு பேருக்காக மூவாயிரம் பேரைத் தாமதப்படுத்தும் அதிகாரத்தைக் கேப்டன் எளிதில் பயன்படுத்த மாட்டார். இறங்கும்போதும் ஏறும்போதும் அறை அட்டையைக் கருவியில் காட்டுகிறோம் அல்லவா, அதில் யார் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் திரையில் தெரியும். பெயரை ஒலிபெருக்கியில் அழைப்போம். நேரம் நெருங்கியும் வராவிட்டால் அவர்களுடைய அறைக்குச் சென்று கடப்பிதழைத் தேடி எடுத்து, கரையில் உள்ள துறைமுக முகவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலத்தைத் தூக்குவோம். அந்தக் கடப்பிதழை ஒரு உறையில் போட்டு முகவர் கையில் கொடுத்த மாலைகள் எனக்கு நினைவில் இருக்கின்றன. ஒருமுறை பாலம் ஏறிய பத்தாவது நிமிடத்தில் ஒரு தம்பதி துறையின் மறுமுனையிலிருந்து ஓடி வந்தார்கள். அந்த அம்மாள் காலணியைக் கையில் பிடித்திருந்தார். கப்பலுக்கும் துறைக்கும் இடையே அப்போது ஒரு தெருவின் அகலம்கூடத் தண்ணீர் இல்லை.

ஈசூன்தாதி:

மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவாகத் தெரியும். இன்னும் மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு முனையத்தில் ஒப்படைத்துவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். உணவுக்கூடத்துக்குள் நுழையும்போது கையில் தெளிக்கும் கிருமிநாசினி போதும் என்று நினைக்க வேண்டாம். கப்பல்களில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ கிருமி அதற்கு அவ்வளவாக அடங்குவதில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவுவதுதான் பலன் தரும்.

பாட்டிக்கு ரசம் சோறு இல்லாமல் ஆகாது என்று சிறிய மின்சார அடுப்பையோ சோற்றுப் பானையையோ எடுத்துச் செல்ல நினைக்காதீர்கள். தீ அபாயம் கருதி இஸ்திரிப் பெட்டியைக்கூட அனுமதிக்க மாட்டார்கள். சைவ உணவு வேண்டுமென்றால் பதிவின்போதே குறிப்பிட்டு, ஏறிய முதல் மாலையில் உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லிவிட்டால், மறுநாள் பெரும்பாலும் தனியாகச் செய்து தருவார்கள்.

செங்காங்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் குழுவில் போட்டுவிட்டேன். எங்களையும் சேர்த்து மூன்று குடும்பங்கள் சம்மதம் தெரிவித்துவிட்டன. நான்காவது குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் மட்டும், 15 நிமிடத்தில் விட்டுவிட்டுப் போவது தமிழர்களுக்குள் செய்யக்கூடிய காரியமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இன்னொரு சந்தேகம்: கடலில் இருக்கும்போது வாட்ஸ்அப் வேலை செய்யாது என்கிறார்களே, 14 பேரும் எப்படித் தொடர்பில் இருப்பது?

நொந்தவன்_பிடோக்:

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் விட்டுவிட்டுப் போகப்பட்டவன் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு இணையத்தில் அறிமுகமான ஒரு குழுவோடு வேறொரு துறைமுகத்தில் வேன் பகிர்ந்தோம். காத்திருக்கும் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மகளுக்குத் திடீரென்று வயிற்றுக்கோளாறு. கடைத்தெருவில் கழிவறையைத் தேடி அலைந்து திரும்பியபோது வேன் இல்லை. ஏற்பாட்டாளர் எங்களுக்காக அரை மணி நேரம் காத்திருந்ததாகப் பிறகு சொன்னார், இருக்கலாம். ஆனால் அரை மணியா, ஒரு மணியா, ஐந்து நிமிடமா என்பது எங்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான் கொடுமை. தெரிந்திருந்தால் நான் மகளை மனைவியிடம் விட்டுவிட்டு வேனுக்கு ஓடிப்போய்ச் செய்தி சொல்லியிருப்பேன். டாக்ஸியில் நாங்கள் எப்படியோ வந்து சேர்ந்தோம். மீதி இரண்டு நாளும் உணவுக்கூடத்தில் அவர்களைக் கண்டால் வேறு பக்கம் போய் உட்கார்ந்தோம்.

ஆகவே அந்த நண்பரிடம் சொல்லுங்கள்: விட்டுவிட்டுப் போகலாமா என்பதல்ல கேள்வி, எப்போது போவார்கள் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதே கேள்வி.

நீலத்திரை:

மேலே உள்ளவருடைய பதிவை அப்படியே அந்த நண்பருக்கு அனுப்பிவிடுங்கள் சகோதரி. அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.

தொடர்பைப் பற்றி: கப்பலின் இணையச் சேவையை 14 பேரும் வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றி வைக்கச் சொல்லுங்கள். கரை மறைந்ததும் கைப்பேசி தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொண்டால், வீடு திரும்பிய பிறகு வரும் கட்டணச்சீட்டு மிரட்டும். பழைய முறையே சிறந்தது. முதல் நாள் மாலை, கப்பல் புறப்பட்டு ஒரு மணி நேரம் கழித்து, குறிப்பிட்ட தளத்தில் குறிப்பிட்ட படிக்கட்டின் அருகே எல்லோரும் ஒருமுறை சந்தியுங்கள். முகம் தெரியட்டும். அறை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றம் ஏதும் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி அறைக் கதவின் கீழே தள்ளிவிடலாம்.

அந்தச் சந்திப்பைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பிறகு வையுங்கள். அந்தப் பயிற்சியைத் தட்டிக்கழிக்க நினைப்பவர் உங்கள் குழுவில் இருந்தால், 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கொங்கோர்டியா பாறையில் மோதியதை அவருக்கு நினைவூட்டுங்கள். அன்று உயிரிழந்தவர்கள் 32 பேர். அன்று மாலை ஏறியவர்களில் பலருக்கு அதுவரை பயிற்சியே நடக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை நடத்திவிட வேண்டும் என்ற அனைத்துலக விதி 2015 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது அதன் பிறகே.

தேக்காதாத்தா:

இந்த இழையைப் படிக்கும்போது என் தகப்பனார் நினைவுக்கு வருகிறார். அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி வந்தவர். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று பல்லாண்டு காலம் ஓடியது. மேல்தளப் பயணிகளுக்கு அறை கிடையாது. பாயை விரித்த இடமே வீடு. பினாங்கில் கப்பல் நின்ற நேரத்தில் அவரும் அடுத்தடுத்த பாய்க்காரர்கள் மூவரும் காசு போட்டு ஒரு ரிக்‌ஷா வைத்துக்கொண்டு, குவீன் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார்களாம். இரண்டு பேர் உட்கார்ந்து போக இரண்டு பேர் நடந்து, திரும்பும்போது மாறிக்கொண்டார்களாம். அந்த மூவரில் ஒருவர் என் தாய்மாமனாகவே ஆகிவிட்டார். அவருடைய தங்கைதான் என் அம்மா.

அந்தக் கோயில் 1833இல் எழுந்தது. துறையிலிருந்து நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். உங்கள் மாமியாரை அங்கே அழைத்துப் போங்கள் அம்மா. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனால் 500க்கும் மேற்பட்ட படிகள். அந்த முழங்காலுக்கு ஆகாது.

பழையமாலுமி:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

செங்காங் சகோதரிக்கு இன்னும் இரண்டு செய்திகள். கப்பலின் நேரம் எது என்பதை ஏறியவுடன் கேட்டுவிடுங்கள். பினாங்கில் சிக்கல் இல்லை, சிங்கப்பூர் நேரமே. தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும். குறுகிய பயணங்களில் மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருப்பதும் உண்டு. மாற்றாவிட்டால், கரையில் இறங்கியதும் உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்குப் போய்விடும். கப்பலில் மணி ஐந்து, கையில் மணி நான்கு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இளநீர் குடிப்பார்கள்.

இரண்டாவது, உங்கள் குழுவில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் இருந்தால், இரு நாடுகளின் விசா விதிகளையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். தாள் சரியில்லை என்றால் மரினா பேயிலேயே ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது.

பாஞ்சாங்தம்பி:

ஐயா, கப்பலில் வேலை செய்பவர்களுக்குத் துறைமுக நாளில் கரைக்கு இறங்க அனுமதி உண்டா? எங்கள் அறையைக் கவனித்துக்கொண்ட பையன் மதுரைக்காரன். எட்டு மாதத்தில் நான்கு முறைதான் இறங்கினேன் என்றான்.

பழையமாலுமி:

உண்டு, ஆனால் கிடைக்க வேண்டும். துறைமுக நாளிலும் அவசரநிலைக்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். அந்த முறை யாருக்கு வருகிறதோ அவர் இறங்க முடியாது. ஊழியர்களுக்கான தீப் பயிற்சியும் படகுப் பயிற்சியும் பெரும்பாலும் அன்றுதான் நடக்கும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு சொல்கிறது. ஆனால் ஒப்பந்தக் காலம் முழுவதும் வார விடுமுறை என்று ஒன்று இல்லை. கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் கரையில் இறங்கினால் நாங்கள் பார்க்கப் போவது ஊரை அல்ல. இணையம் கிடைக்கும் ஒரு கடையைத் தேடி, வீட்டுக்கு முகம் பார்த்துப் பேசுவோம். பிள்ளைக்குப் பல் முளைத்ததை நான் அப்படி ஒரு கடையில்தான் பார்த்தேன். உங்கள் அறைப் பையனைப் பெயர் சொல்லிப் பாராட்டி, பயணம் முடிந்து வரும் கருத்துப் படிவத்தில் எழுதுங்கள் தம்பி. அடுத்த ஒப்பந்தத்தில் அது அவனுக்கு உதவும்.

செங்காங்வாசி:

நேற்றுக் காலை திரும்பிவிட்டோம். உதவிய உங்களுக்கு நடந்ததைச் சொல்வது என் கடமை.

பினாங்கில் வேனை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தேன். நாங்கள் கீழே இறங்கியபோது 9.20. மாமியாரும் இன்னொரு குடும்பத்துப் பெரியவரும் என் கணவரோடு நடந்தே மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அருகில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, பகல் ஒரு மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். மற்ற 11 பேரும் தண்ணீர்மலைக்குப் போனோம். ஒரு சிறு குறை, கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. விடுமுறைக் கூட்டம் அப்படி இருந்தது, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

புக்கெட்டில் அலை இருந்தது, ஆனாலும் படகு ஓடியது. படகுக்கும் மிதவைக்கும் இடையில் கால் வைக்கும் இடம் ஓரடி ஏறி ஓரடி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஊழியர்கள் ஒவ்வொருவரையும் இரு கையிலும் பிடித்து, அலை உயரும் கணத்துக்காகக் காத்திருந்து ஏற்றினார்கள். அதைப் பார்த்த மாமியார், நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எல்லோரும் இறங்கிய பிறகு காலியாகக் கிடந்த மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்ததாகவும், பயணத்திலேயே அதுதான் நல்ல நாள் என்றும் பிறகு சொன்னார். அவருடைய இருக்கைக்கான பணத்தை நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

எங்கள் கப்பல் நேரத்தை மாற்றவில்லை. பழையமாலுமி ஐயா சொன்னதால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுத் தாளில் "வேன் புறப்படும்: கப்பல் நேரம் 3.30, தாய்லாந்து நேரம் 2.30, அதிகம் போனால் 15 நிமிடம்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓட்டுநரிடம் தாய்லாந்து நேரத்தை மட்டும் சொன்னேன். புக்கெட் பழைய நகரத்தில் தாலாங் சாலையில் எல்லோரும் பிரிந்து போனோம். 3.30க்கு ஒரு தகப்பனும் மகனும் வரவில்லை. 3.40க்கும் இல்லை. அந்தத் தாயார் வேனின் வாசலில் ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார், யாரும் பேசவில்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவும் பயந்து, அவர் முகத்தைப் பார்க்கவும் பயந்து, கையில் இருந்த பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 3.44க்கு இருவரும் ஓடி வந்தார்கள். நடந்தது இதுதான்: பையனுடைய கைக்கடிகாரம் தானாக மாறி 2.30 என்று காட்டியது. அவன் மனத்தில் பதிந்திருந்தது 3.30. ஐஸ்கிரீம் கடையில் காசு எடுக்கத் தகப்பனார் சட்டைப்பையில் கையை விட்டபோது வியர்வையில் நனைந்த அந்தத் தாள் கையோடு வந்திருக்கிறது. மை கலங்கியிருந்தாலும் 2.30 என்ற எண் தெரிந்ததாம்.

படகுத்துறைக்கு வந்தபோது கப்பல் நேரம் 4.40. வரிசையில் 40 நிமிடம் நின்றோம். கடைசிப் படகு 5.30. வேனில் இன்னும் ஒரு முறை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வரிசையில் நின்றபோது எல்லோருக்கும் புரிந்தது. காத்திருக்கும் நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட நண்பர் அந்தத் தகப்பனார்தான். இரவு உணவின்போது எங்கள் மேசைக்கு வந்து, அடுத்த முறை அந்த ஒப்பந்தத்தைத் தாமே எழுதித் தருவதாகச் சொன்னார்.

கணக்கில் 42 ரிங்கிட் மிஞ்சியது. முன்பே பேசியபடி இருக்கைக்கு மூன்று ரிங்கிட் வீதம் வெள்ளியில் மாற்றி, இன்று காலை எல்லோருக்கும் பேநவ் வழியாக அனுப்பிவிட்டேன்.

இதே நான்கு குடும்பங்களும் டிசம்பரில் கிள்ளான் துறைமுகம் செல்லும் பயணத்தில் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பத்துமலைக்குப் போய்வர நேரம் போதுமா? துறைமுகத்திலிருந்து ரயில் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார்.

பழையமாலுமி:

எல்லோரும் பத்திரமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி சகோதரி. ரயிலை நம்ப வேண்டாம். கப்பல் நிற்பது இந்தா தீவில். ரயில் நிலையம் இருக்கும் கிள்ளான் துறைமுக நகரம் வேறு, நடந்து போகும் தூரம் இல்லை. வேன்தான் வழி. பத்துமலைக்குச் சாலையில் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கோலாலம்பூரைச் சுற்றி நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். கப்பல் எட்டு மணி நேரம் நின்றால் போய்வரலாம்; ஆறு மணி நேரம் என்றால் கிள்ளான் லிட்டில் இந்தியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்துமலையில் 272 படிகள். கீழே நிற்கும் முருகன் சிலையருகே உங்கள் மாமியார் நிழலில் உட்கார்ந்திருக்க ஒருவரைத் துணைக்கு வையுங்கள். கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை இங்கே எழுதினால், வேன் நேரத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.